தவணை முடியுமுன் பொருள் முடிந்தால்...

"அந்தக் காலத்துச் சாமான் அந்தக் காலத்துச் சாமான்தான்" என்ற பேச்சை எமது கிராமங்களில் கேட்காத நாளில்லை. அம்மம்மாவின் தையல் மெசின் இன்றும் தைக்கிறது. ஆனால் தைப்பொங்கலுக்கு வாங்கிய பிளெண்டர் சித்திரை வருடப்பிறப்பைக் காணவில்லை. அப்பப்பா காலத்து மேசை விசிறி சத்தம் போட்டாலும் சுற்றுகிறது. புதிய விசிறியோ இரண்டாவது கோடையில் கழுத்து முறிந்து மூலையில் கிடக்கிறது. மாதர் சங்கக் கூட்டங்களிலும் கடனுதவிச் சங்கக் கூட்டங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது.

இது முதியவர்கள் தமது இளமைக் காலத்தை எண்ணி விடும் பெருமூச்சா? அல்லது இதில் உண்மை உண்டா? உண்மை உண்டெனில் அது எமது கிராமக் குடும்பங்களை எவ்வாறு பாதிக்கிறது? வீட்டு உபகரணம் என்பது இன்று ஆடம்பரமன்று. தையல் மெசின் ஒரு குடும்பத் தலைவியின் வருமானம். கிறைண்டர் ஓர் இடியப்ப வியாபாரியின் முதலீடு. குளிர்சாதனப் பெட்டி ஒரு சிறு கடையின் உயிர்நாடி. எனவே இக்கேள்வியை ஆர அமர ஆராய்வது பயனுடையது.

தையல் மெசின் கூறும் பாடம்

எம்மவர் வீடுகளில் மிக நீண்டகாலம் உழைத்த இயந்திரம் எதுவென்று கேட்டால் காலால் மிதிக்கும் தையல் மெசின் என்றே பலரும் சொல்வர். ஐசக் சிங்கர் தமது தையல் இயந்திரத்திற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1851 இல். சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877 இல். ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் 1885 இல் திறக்கப்பட்ட அதன் பெரும் தொழிற்சாலை 1980 இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் அங்கு வார்க்கப்பட்ட இயந்திரங்கள் பல இன்றும் தைத்துக்கொண்டிருக்கின்றன. உடலிற் பொறிக்கப்பட்டுள்ள எழுத்தையும் இலக்கத்தையும் கொண்டு ஓர் இயந்திரம் எந்த ஆண்டில் செய்யப்பட்டதென அறிந்துகொள்ளவும் முடியும்.

இவ்வியந்திரம் ஏன் இவ்வளவு காலம் உழைக்கிறது? வார்ப்பிரும்பு உடலும் உருக்கு உறுப்புகளும் முதற் காரணம். ஆனால் அது மட்டுமன்று. உராயும் இடமெங்கும் எண்ணெய் விடுவதற்கு ஒரு துவாரம் உண்டு. தேய்மானம் ஏற்பட்டால் இறுக்கிச் சரிசெய்வதற்குத் திருகாணி உண்டு. தோல் பட்டி அறுந்தால் புதிதாக ஒன்றை வெட்டி மாட்டலாம். ஒரு திருகாணிச் சாவியும் சிறிது எண்ணெயும் இருந்தால் வீட்டுப் பெண்ணே அதனைப் பராமரிக்கலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சிங்கரின் '15' வகை இயந்திரத்திற்கென அமைந்த ஊசியே இன்றும் உலகெங்கும் வீட்டுத் தையல் இயந்திரங்களின் பொது ஊசியாக உள்ளது. அதே வகைப் பொபினும் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் யப்பானியரும், பின்னர் வேறு நாட்டவரும் இதே அமைப்பில் இயந்திரங்களைச் செய்தனர். ஆகவே உதிரிப்பாகம் ஒரு கம்பனியின் தனிச்சொத்தாக இருக்கவில்லை. நூறு ஆண்டு பழமையான மெசினுக்கும் இன்றைய சந்தையில் ஊசி வாங்கலாம். பொருளின் ஆயுளை நிர்ணயிப்பது உலோகம் மாத்திரமன்று. திருத்தும் வசதியும் உதிரிப்பாகமும் கூடத்தான்.

இந்தத் தையல் மெசினிலிருந்து கற்க வேண்டிய வேறொரு பாடமும் உண்டு. வீட்டுப் பொருளைத் தவணை முறையில் விற்கும் வழக்கம் பரவலானதும் இவ்வியந்திரத்தினாலேயே. சிங்கரின் பங்காளியான எட்வர்ட் கிளார்க் 1856 இல் இத்திட்டத்தைத் தொடங்கினார். அக்காலக் குடும்பங்களுக்கு ஓர் இயந்திரத்தின் முழு விலையையும் ஒரேயடியாகக் கொடுப்பது இயலாத காரியம். சிறு முற்பணம் கொடுத்து, மாதாமாதம் கட்டி முடித்தார்கள். எனவே கடன் அன்றும் இருந்தது. ஆனால் கடன் ஓரிரு ஆண்டுகளில் முடிந்தது. மெசின் பேத்தி காலம் வரை உழைத்தது. இன்று இந்தக் கணக்குப் பல வீடுகளில் தலைகீழாகிவிட்டது. பொருள் பழுதாகி மூலையில் கிடக்க, தவணைப் புத்தகம் மட்டும் உயிரோடு இருக்கிறது.

பழையவை எல்லாம் நல்லவையா?

பழையதைப் புகழுமுன் நிதானம் வேண்டும். எமது கண்முன் இன்று நிற்கும் பழைய பொருட்கள் தப்பிப் பிழைத்தவை. அவற்றோடு பிறந்து, ஐந்தாறு ஆண்டுகளில் உடைந்து, பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்தவற்றை நாம் காண்பதில்லை. நூறில் ஐந்து மிஞ்சியிருந்தாலும் அந்த ஐந்தைப் பார்த்து "அக்காலத்துச் சாமான் எல்லாம் உறுதி" என்று சொல்லிவிடுகிறோம். இது நேர்மையான கணக்கன்று.

விலையையும் நினைக்க வேண்டும். அன்று ஒரு தையல் மெசினோ வானொலிப் பெட்டியோ வாங்குவது ஒரு குடும்பத்தின் பெரு நிகழ்வு. பல மாத உழைப்பு அதற்குச் செலவாகியது. இன்று ஒரு றைஸ் குக்கர் கூலித் தொழிலாளியின் சில நாட் சம்பளத்துக்குக் கிடைக்கிறது. அன்று ஊரில் ஒரு வீட்டில் இருந்த பொருள் இன்று எல்லா வீடுகளிலும் இருக்கிறது. ஏழைப் பெண்ணின் வேலைப்பளு குறைந்திருக்கிறது. இதனை நாம் சிறிதாக எண்ணலாகாது.

மின்சாரச் செலவு மூன்றாவது விடயம். அமெரிக்காவில் 1970 களின் நடுப்பகுதியில் ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,800 அலகு மின்சாரத்தை விழுங்கியது. இன்றைய பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே எடுக்கிறது. எமது நாட்டில் பாவிக்கும் அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும் என்பதை மின்பட்டியல் பார்க்கும் எவரும் அறிவர். முப்பது ஆண்டு பழைய பெட்டி "இன்னும் நன்றாக வேலை செய்கிறது" எனப் பெருமைப்படும் வீட்டில் அது ஒவ்வொரு மாதமும் மறைமுகமாகப் பணத்தை உண்கிறது. அத்துடன் பழைய பெட்டிகளில் இருந்த 'ஆர்-12' என்ற வாயு ஓசோன் படையைப் பாதிப்பது. 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி உலக நாடுகள் அதன் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்தின. 2010 உடன் வளர்முக நாடுகளிலும் அது முடிவுக்கு வந்தது. வாயு கசிந்த பழைய பெட்டிக்குச் செலவழிப்பது பெரும்பாலும் வீண் செலவே.

நான்காவது, பாதுகாப்பு. பழைய மின்னழுத்திகளிலும் சூடாக்கிகளிலும் கல்நார் சேர்த்த வயர்கள் பாவிக்கப்பட்டதுண்டு. புவித்தொடுப்பு இல்லாத உலோக உடல்களும் இருந்தன. ஈரக் கையுடன் தொட்டால் உயிருக்கே ஆபத்து. பழமை எல்லாவற்றுக்கும் நற்சான்றிதழ் ஆகாது.

புதியவை ஏன் விரைவில் பழுதடைகின்றன?

இவ்வளவும் சொன்ன பின்னரும் மக்களின் முறைப்பாட்டில் உண்மை உண்டு என்பதை ஏற்க வேண்டும். ஜேர்மனியின் கூட்டாட்சிச் சுற்றாடல் அலுவலகம் இதனை ஆராய்ந்தது. வாங்கி ஐந்து ஆண்டுக்குள் பழுதடைந்து மாற்றப்பட்ட பெரிய வீட்டு உபகரணங்களின் பங்கு 2004 இல் நூற்றுக்கு 3.5 ஆக இருந்தது. 2012 இல் 8.3 ஆக உயர்ந்தது. அதே ஆய்வு வேறோர் உண்மையையும் காட்டியது. மாற்றப்பட்ட பெரிய உபகரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பழுதாகாத நிலையிலேயே மாற்றப்பட்டது. பொருளின் குறைபாடு மட்டுமன்றி, புதியதை நாடும் மனமும் இதில் பங்குகொள்கிறது.

கம்பனிகள் வேண்டுமென்றே ஆயுளைக் குறைக்கின்றனவா எனப் பலரும் கேட்கின்றனர். அப்படி நடந்ததற்கு வரலாற்றில் ஒரு தெளிவான சான்று உண்டு. 1924 டிசெம்பரில் ஜெனீவாவில் ஒஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பெரிய மின்குமிழ்க் கம்பனிகள் 'பீபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டை அமைத்தன. அதுவரை 1,500 முதல் 2,000 மணித்தியாலம் வரை எரிந்த குமிழ்களின் ஆயுளை 1,000 மணித்தியாலத்திற்குக் குறைக்க உடன்பட்டன. குமிழ்களின் மாதிரிகள் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன. அதிக காலம் எரியும் குமிழைச் செய்த கம்பனி தண்டப்பணம் கட்ட வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போருடன் இக்கூட்டுச் சிதைந்தது. நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இழைக் குமிழில் நீண்ட ஆயுள் வேண்டுமாயின் வெளிச்சம் மங்கும். அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் கூடச் செலவாகும். கலிபோர்னியாவின் லிவர்மோர் நகரத் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிந்துவரும் புகழ்பெற்ற குமிழின் வெளிச்சத்தில் ஒரு பிள்ளை பாடம் படிக்க முடியாது. ஆயினும் கூடி முடிவெடுத்துத் தண்டம் அறவிட்டது பாவனையாளர் நலனுக்காகவன்று, விற்பனைக்காகவே.

இன்று பெரும்பாலும் நடப்பது இத்தகைய இரகசிய உடன்படிக்கையன்று. விலைப் போட்டியே பெருங்காரணம். நூறு ரூபா குறைவாக விற்கும் பொருளை நாம் தேடுகிறோம். உற்பத்தியாளர் அந்த நூறு ரூபாவை உள்ளே எங்கோ குறைக்கிறார். 1960 களின் பிற்பகுதியிலிருந்து தையல் இயந்திரங்களில் உருக்குப் பற்சக்கரங்களுக்குப் பதிலாக நைலோன் பற்சக்கரங்கள் பரவலாயின. அவை சத்தமின்றி ஓடின, விலையும் குறைந்தது. ஆனால் காலப்போக்கில் வெடித்தன. செம்புச் சுற்றுக்குப் பதிலாக அலுமினியச் சுற்றுக் கொண்ட மோட்டர்கள் மலிவுப் பொருட்களில் வருகின்றன. நீண்டகாலம் உழைக்கும் எனச் சொல்லப்படும் எல்.ஈ.டி. குமிழிலும் பெரும்பாலும் ஒளிதரும் பகுதி பழுதாவதில்லை. அதனுள் இருக்கும் சிறிய கப்பாசிற்றரே வெப்பத்தால் கெட்டுப்போகிறது.

இதனிலும் பெரிய மாற்றம் மூடியில் நிகழ்ந்தது. முன்னர் திருகாணியால் பூட்டினர். இப்போது பிளாஸ்ரிக் கொளுவியாலும் பசையாலும் பூட்டுகின்றனர். திறந்தால் உடையும். உள்ளே ஒரே மின்சுற்றுப் பலகை. அதில் ஒரு சிறு உறுப்புப் போனாலும் பலகை முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். அந்தப் பலகையின் விலை புதிய பொருளின் விலைக்கு அருகே வருகிறது. பழுதாவது பெரிய பிரச்சினையன்று, திறக்க முடியாமற் செய்திருப்பதே பிரச்சினை என்று எமது பகுதித் திருத்துநர்கள் கூறுவது இதனால்தான்.

பழி முழுவதும் கம்பனிக்கும் உரியதன்று. சாதாரண றைஸ் குக்கரை எடுத்துக்கொள்வோம். அதனுள் ஒரு வெப்பத் தகடு, ஒரு காந்த ஆளி, ஒரு வெப்ப உருகி. இவ்வளவே. நீர் வற்றியதும் தகட்டின் வெப்பம் 100 பாகைக்கு மேல் ஏறும், காந்தம் தன் கவர்ச்சியை இழக்கும், ஆளி விழும். குக்கர் திடீரெனச் 'செத்துப்போனால்' பல வேளைகளில் வெப்ப உருகி மட்டுமே போயிருக்கும். மிக மலிவான உறுப்பு அது. எத்தனை வீடுகளில் இதற்காகக் குக்கரையே எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குகிறோம்! (உருகிக்குப் பதிலாக வெறும் கம்பியை இணைக்கும் சிலரும் உளர். இது வீட்டுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பானது. அதே அளவுடைய உருகியையே போடவேண்டும்.)

கிராமங்களுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. எமது நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், கூடினால் அல்லது குறைந்தால் நூற்றுக்கு 6 என்பது நியமம். மின்மாற்றியிலிருந்து வெகுதூரத்தில் உள்ள வீடுகளில் மாலை வேளையில் இது மிகவும் குறைந்துவிடுவதுண்டு. குறைந்த அழுத்தத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிறெசர் கிளம்ப முடியாமல் முனகிச் சூடேறி எரிந்துபோகும். இதற்குப் புதுச் சாமானைக் குறைசொல்லிப் பயனில்லை.

தடைக்காலமும் அதன் பின்னரும்

திருத்தும் கலை எமக்குப் புதிதன்று. 1990 யூனில் போர் மீண்டும் வெடித்தபின் யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தது. பற்றரிக்கும் எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தடை. அக்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் எம் மக்கள். ஜாம் போத்தலில் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கில் ஒரு தலைமுறை படித்துத் தேறியது. எந்தப் பொருளும் குப்பைக்குப் போகவில்லை. அந்த வறுமையைப் போற்றுவது எமது நோக்கமன்று. அப்படியொரு காலம் எவருக்கும் வரவேண்டாம். ஆனால் அன்று ஒவ்வோர் ஊரிலும் இருந்த திருத்துநரின் அறிவு ஒரு சமூகச் செல்வம் என்பதை மறக்கலாகாது.

2009 இல் போர் முடிந்து ஏ-9 பாதை வழியே பொருட்கள் தாராளமாக வந்தன. காட்சியறைகள் திறந்தன. தவணை விற்பனை கிராமத்துப் படலை வரை வந்தது. இழந்த வீட்டுப் பொருட்களை மீண்டும் பெறவேண்டும் என்ற ஆவல் நியாயமானதே. ஆயினும் மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டவர்கள், மொத்தமாக எவ்வளவு கட்டுகிறோம், பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்கவில்லை. பின்னர் 2022 இன் நெருக்கடி வந்தது. சில மாதங்களில் டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. இறக்குமதிப் பொருள்களின் விலையும் கூடவே ஏறியது. அவ்வாண்டு ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவில் உயர்த்தப்பட்டது. அப்போது மக்கள் மீண்டும் திருத்துநரைத் தேடினர். பல ஊர்களில் அவர் இல்லை. வெளிநாடு போயிருந்தார், அல்லது கைபேசிக் கடை போட்டிருந்தார்.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, விலையை ஆண்டுக் கணக்கில் பார்க்கப் பழகுவோம். உதாரணமாக, 10,000 ரூபாவுக்கு வாங்கிய பொருள் இரண்டு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 5,000 ரூபா. 30,000 ரூபாவுக்கு வாங்கியது பதினைந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 2,000 ரூபா. மலிவானது எது? தவணைக் காலம் உத்தரவாதக் காலத்தைவிட நீண்டதாயின் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். தவணைக் கொள்வனவில் கடைசிக் கட்டணம் வரை பொருள் விற்றவருக்கே சொந்தம் என்பதையும் நினைவிற் கொள்க.

இரண்டாவதாக, வாங்குமுன் கடைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேட்போம். இதனைத் திருகாணி கழற்றித் திறக்கலாமா? உதிரிப்பாகம் எமது மாவட்டத்தில் கிடைக்குமா? திருத்துபவர் யார், எங்கே? உத்தரவாதம் மோட்டருக்கு மட்டுமா, முழுப் பொருளுக்குமா? பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் காணி உறுதியைப் போலப் பத்திரப்படுத்துவோம். ஏமாற்றப்பட்டால் மாவட்டச் செயலகத்திலுள்ள பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் அலுவலகத்தில் முறையிடலாம்.

மூன்றாவதாக, எதை வைத்திருப்பது, எதை விடுவது என்பதைத் தெரிந்து கொள்வோம். கால்மிதித் தையல் மெசின், அம்மி, ஆட்டுக்கல், நல்ல நிலையிலுள்ள விசிறி முதலியவற்றை வைத்துப் பராமரிக்கலாம். தையல் தொழில் தொடங்க விரும்பும் சகோதரிகள், கடனுக்குப் புதியதை வாங்குமுன் ஊரில் தூசி படிந்து கிடக்கும் பழைய மெசினைத் தேடிப் பார்ப்பது நன்று. சுத்தம் செய்து எண்ணெய் விட்டுப் பட்டி மாற்றினால் பெரும்பாலும் ஓடும். மாறாக, மிகப் பழைய குளிர்சாதனப் பெட்டியையும் வயர் வெடித்த மின்னழுத்தியையும் விட்டுவிடுவதே இலாபம்.

நான்காவதாக, திருத்துநரை உருவாக்குவோம். 2009 இல் நெதர்லாந்தின் அம்ஸ்ரர்டாமில் மார்ற்றின் பொஸ்ற்மா என்ற பெண்மணி 'திருத்தக் கபே' என்றொரு முயற்சியைத் தொடங்கினார். தொழில் தெரிந்த தொண்டர்கள் ஓரிடத்திற் கூடி, அயலவர் கொண்டுவரும் பழுதான பொருட்களை அவர்களோடு சேர்ந்தே திருத்துகின்றனர். இன்று இது பல நாடுகளில் நடக்கிறது. எமது கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மாதம் ஒருமுறை பொதுநோக்கு மண்டபத்தில் இதனைச் செய்ய என்ன தடை? ஓய்வுபெற்ற மின்சார சபை ஊழியர்களும் பழைய வானொலித் திருத்துநர்களும் இன்னும் எம்மிடையே உள்ளனர். அவர்களின் அறிவு அவர்களோடு மறைந்துவிடக்கூடாது. பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைகளைத் தொழிற்பயிற்சி அதிகார சபையின் பயிற்சிகளுக்கு அனுப்புவதோடு, இம்முதியவர்களிடமும் கைவேலை பழக விடவேண்டும். புதிய குளிர்சாதனப் பெட்டிகளின் வாயு தீப்பற்றக் கூடியது. முறையான பயிற்சி இன்றி அதிற் கைவைப்பது ஆபத்து. எனவே பயிற்சியும் அவசியம்.

ஐந்தாவதாக, சட்டம் வேண்டிக் குரல் கொடுப்போம். பிரான்ஸ் 2021 இல் சில பொருட்களுக்கு 'எவ்வளவு எளிதாகத் திருத்தலாம்' எனப் பத்துக்குப் புள்ளியிட்டு விலைச்சீட்டுடன் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதே ஆண்டு முதல் குளிர்சாதனப் பெட்டிக்கு ஏழு ஆண்டும், சலவை இயந்திரத்துக்குப் பத்து ஆண்டும் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கச் செய்வது உற்பத்தியாளரின் கடமை ஆக்கப்பட்டது. 2024 இல் திருத்தும் உரிமை தொடர்பாகத் தனியான சட்டமும் நிறைவேறியது. அதே கம்பனிகள் எமது சந்தையிலும் விற்கின்றன. அங்கு முடிந்தது இங்கு ஏன் முடியாது? எமது கூட்டுறவுச் சங்கங்கள் மொத்தமாகக் கொள்வனவு செய்யும்போது "உதிரிப்பாகம் இல்லாத பொருள் எமக்கு வேண்டாம்" என்று சொன்னாலே விற்பவர் காதில் விழும்.

ஒரு பொருள் நீண்டகாலம் உழைப்பது இரும்பால் மட்டுமன்று. செய்தவரின் நேர்மை, திருத்துபவரின் கைத்திறன், பாவிப்பவரின் பராமரிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. முதலாவது எமது கையில் இல்லை. அதற்காகக் குரல் கொடுக்கலாம். மற்றைய இரண்டும் எமது கையிலேயே உள்ளன. அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பழுதாகிக் கிடக்கும் பொருட்களையும், அவற்றுக்கு இன்னும் கட்டவேண்டிய தவணைகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தத் தாளே காட்டும்.